ஒன்று குறைகிறது

பதினான்காம் கொண்டை ஊசி வளைவுக்கு மேல்
மலை முப்பத்திரண்டு பாகை சாய்ந்திருக்கிறது.
ஜீப் பானெட்டில் நோட்டை விரித்து
மழைக்கோட்டின் ஒரு கையால் மூடிக்கொண்டு
எழுதுகிறேன்.

முதலில் இல்லாத ஒன்றை வரைய வேண்டும்.
செம்மண்ணுக்குள் மூன்று மீட்டர் ஆழத்தில்
சரிவோடு இணைந்து ஓடும் ஒரு கோடு.
தோண்டினால் கிடைக்காது,
மலைக்கே அது தெரியாது.
ஆனால் போவதென்று முடிவானால்
மலை அந்த வழியாகத்தான் போகும்.

மேலிருக்கும் மண்ணின் பாரம் ஐம்பத்து நான்கு.
கோட்டைத் தொட்டதும் அதற்கு இரண்டு புத்தி.
கொசைனால் இருமுறை பெருக்கினால்
முப்பத்தெட்டே முக்கால்: செங்குத்துத் தகைவு.
கோட்டை அழுத்தி, இங்கேயே கிட என்கிறது.
சைனையும் கொசைனையும் சேர்த்துப் பெருக்கினால்
இருபத்து நாலேகால்: சறுக்குத் தகைவு.
வா, சேலத்துக்கு இறங்கலாம் என்கிறது.
சொல்வது இரண்டும் ஒரே மண்.

வெயில் நாளில் பிரச்சினை இல்லை.
உராய்வு இருபத்திரண்டரை கொடுக்கும்,
மண்ணின் ஒட்டு ஓர் ஐந்து.
மூன்று ரூபாய் மிச்சம் வைத்து
மாதத்தை முடிக்கிற வீடு போல
மலை நிற்கும்.

இது மூன்றாம் நாள் மழை.
கோட்டுக்கு மேல் நீர் ஒரு மீட்டர் ஏறிவிட்டது.
அழுத்துகிற பாரத்தில் ஏழைத் தான் சுமந்துகொள்கிறது நீர்.
இழுக்கிற பாரத்தில் ஒன்றையும் சுமக்காது.
பிடிமானத்தில் கை வைக்கிறது,
சறுக்கலைத் தொடுவதே இல்லை.
திரும்பக் கூட்டினேன்: இருபத்து மூன்றேகால்.
ஒன்று குறைகிறது.

கோட்டப் பொறியாளர் போனில் சொன்னார்:
"சனிக்கிழமைம்மா. மேலே ரூம் எல்லாம் ஃபுல்.
ஒண்ணுதானே?
அந்த அஞ்சை ஆறாக்கிப் பாரேன்."

ஆக்கிப் பார்த்தேன்.
ஆறு என்றால் நிற்கிறது, மயிரிழையில்.

அந்த ஐந்தும் நான் வைத்ததுதான்.
மண் மாதிரி எடுத்த குழாய்
ஆய்வகத்துக்குப் போகும் வழியிலேயே பிளந்துவிட்டது.
பக்கத்துச் சரிவின் பழைய அறிக்கையில்
ஐந்து என்று இருந்தது, எடுத்துக்கொண்டேன்.
சில்வர் ஓக் வேர்கள் எட்டுகூடத் தரலாம்.
மூன்றாகவும் இருக்கலாம்.
ஒரு மலையைப் பற்றி இவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்பதை
பென்சில் ஈரத்தில் மங்க மங்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரிவின் அடியில் தவமணியின் பஜ்ஜிக் கடை.
நீலத் தார்ப்பாயின் ஒரு முனையை
அந்த மண்ணில் அடித்த முளையில்தான் கட்டியிருந்தாள்.
"எவ்வளவு குறையுதுங்க மேடம்?"
"ஒன்று."
"ஒண்ணுன்னா?"
ஒரு கட்டில் அகலத்துக்கு
நாலு மூட்டை அரிசி, என்றேன்.
எண்ணெய்ச் சட்டியை இறக்கினாள்.
"என் தராசுல இவ்வளவு குறைஞ்சா
சண்டைக்கு வந்துருவாங்களே."

ஐந்து ஐந்தாகவே இருக்கட்டும் என்று எழுதி
கையெழுத்துப் போட்டேன்.
டிரைவர் செங்கோடன் தார் டிரம்களை உருட்டி
சாலைக்குக் குறுக்கே நிறுத்தினார்.
பெங்களூர் கார்க்காரர் ஒருவர்
என் வேலையின் தகுதி பற்றி
நெடுநேரம் பேசினார்.

இரவு மழை நின்றுவிட்டது.
மலை விழவில்லை.

காலையில் போனபோது
தார்ச்சாலையின் உள் ஓரத்தில் ஒரு வெடிப்பு.
ஸ்கேலை நிறுத்தி இறக்கினேன்,
பதினைந்து சென்டிமீட்டரும் உள்ளே போனது.
நேற்றைக்கு முன்பே இருந்ததா, யாருக்கும் தெரியவில்லை.
தார்ப்பாய் முளை மட்டும்
ஒரு சாண் கீழே வந்து
கட்டப்படாத கயிற்றோடு நின்றது.

பதினோராம் வளைவில்
புதிதாய் அடுப்பு மூட்டியிருந்த தவமணி
ஜீப்பைக் கை காட்டி நிறுத்தினாள்.
"அரை மூட்டை வாழைக்காய் பழுத்துப்போச்சுங்க.
அதுக்கு யாரு கணக்குப் போடுவா?"

நோட்டை எடுத்தேன்.